வீட்டை முழுசாகச் சுத்தம் செய்ய: போகியா, மாசியா? நாமேவா, ஆள் வைத்தா?

வருஷத்துக்கு ஒரு முறை வீட்டைப் பரண் முதல் வாசற்படி வரை இறக்கி, தட்டி, கழுவி வைக்கும் பெரிய வேலையை எப்போது செய்வீர்கள் என்று வேலூரில் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் போகி என்றுதான் சொல்வார்கள். இஸ்லாமியர் வீடுகளில் ரம்ஜானுக்கு முன், கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன். தீபாவளிக்கு வெள்ளையடித்து அதோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு. பண்டிகையை ஒட்டிச் செய்தால் வேலை தள்ளிப்போகாது, அது பெரிய நன்மை. ஆனால் நம் ஊரில் இந்த வேலைக்கு நாள் குறிக்க வேண்டியவை வெயிலும் தண்ணீரும்தான். இரண்டும் சேர்ந்து கைகொடுப்பது மாசி பிறந்ததிலிருந்து பங்குனி நடு வரைக்கும் உள்ள நாட்களில். அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. மற்ற காலங்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். அப்புறம் யாரை வைத்துச் செய்வது, எதைப் போட்டுத் தேய்ப்பது என்பதையும் பார்த்துவிடலாம். தேய்க்கும் விஷயம்தான் இதில் ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதில் தவறினால் தரையும் போகும், நுரையீரலும் போகும்.

முதலில் போகி. பழக்கத்தின் பலம் அதற்கு இருக்கிறது. வீட்டில் எல்லோரும் மனதளவில் தயாராக இருப்பார்கள், பழையதை எடுத்துப் போட வேண்டும் என்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. ஆனால் கழுவிக் காயவைக்க அது நல்ல காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த ஈரத்தைச் சுவர்கள் மார்கழிக்குள் முழுதாக விட்டிருக்காது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் கையை வைத்தாலே தெரியும். காலையில் பனிமூட்டம் கலைய நேரமாகும், சாயங்காலம் சீக்கிரமே குளிர் இறங்கிவிடும். நடுவில் கிடைக்கும் இளவெயிலில் இலவம்பஞ்சு மெத்தை காயாது. துவைத்த திரைச்சீலையும் போர்வையும் அரை ஈரத்தோடு மடித்து உள்ளே போகும், கொஞ்ச நாளில் அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும்.

அதைவிட எனக்கு வருத்தமான விஷயம், அது பொங்கல் வாரம் என்பது. ஒரு பக்கம் வீடு கழுவல், இன்னொரு பக்கம் கடைத்தெரு, கோலம், பலகாரம், ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள். இத்தனையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் முதுகில்தான் ஏறுகிறது. பொங்கலன்று அடுப்பு மூட்டும்போதே இடுப்பு ஒடிந்து நிற்கும் அம்மாக்களை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பண்டிகைக்காகச் செய்யும் வேலை பண்டிகையை அனுபவிக்க விடாமல் செய்வது சரியில்லை.

தீபாவளிக்கு முன் செய்வது இதைவிடச் சிரமம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும். அடித்த பெயிண்டு காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால், அடுத்த கோடைக்குள் சுவர் பொரிந்து உதிரும். ஆயுத பூஜைக்குச் செய்யும் சுத்தம் வண்டி, மெஷின், புத்தகம் என்று நின்றுவிடும், அது அந்த அளவுக்கு நல்லதே. ஆடியில் ஆரம்பிக்கவே வேண்டாம். அம்மியே பறக்கும் காற்றில் ஜன்னலைத் திறந்து துடைத்தால், துடைத்த கை எடுப்பதற்குள் மறுபடி புழுதி படிந்துவிடும். சத்துவாச்சாரி, கொணவட்டம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் இது இன்னும் மோசம்.

பிள்ளைகளுக்கு லீவு, கைக்கு ஆள் கிடைக்கும் என்று மே மாதத்தைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெயில் காய்வதற்குக் குறைவில்லைதான். ஆனால் மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றியுள்ள பாறை மலைகள் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி ராத்திரியிலும் விட்டுக்கொண்டிருக்கும். கான்கிரீட் கூரையை ஒட்டி இருக்கும் பரணில் அந்த நாட்களில் ஏறி உட்கார்ந்தால் மயக்கம் வரும். தண்ணீரும் அப்போதுதான் கீழே போகும். பாலாறு மணலாகக் கிடக்கும், போர்வெல் மூச்சு வாங்கும், குழாயில் வருவது குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். லாரித் தண்ணீர் வாங்கி வீட்டைக் கழுவுவது காசுக்கும் கேடு, தெருவில் குடத்தோடு நிற்பவர்களுக்கும் நியாயமில்லை.

இப்போது மாசியைப் பாருங்கள். மழை விட்டு நெடுநாள் ஆகியிருக்கும், சுவர் உலர்ந்திருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் அது விடியலோடு சரி. பத்து மணிக்கு மேல் வெயில் நன்றாக உறைக்கும், காற்றில் ஈரம் குறைவு, மாடியில் போட்ட மெத்தை ஒரே நாளில் இரண்டு பக்கமும் காய்ந்துவிடும். மழையில் ஏறிய கிணற்று நீரும் போர்வெல் நீரும் இன்னும் கைக்கு எட்டும். வேலை செய்பவருக்கும் உடம்பு தாங்கும். பங்குனி பிறந்தால் வேப்பமரம் துளிர்க்கும், கொழுந்தும் இலையும் பறித்து நிழலில் காயவைத்துக்கொள்ளலாம். அரிசிப் பானைக்கும் துணி அலமாரிக்கும் அது போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பண்டிகையின் அவசரமும் தலைமேல் இல்லை. ஒரு அறை இந்த ஞாயிறு, ஒரு அறை அடுத்த ஞாயிறு என்று பிரித்துச் செய்ய முடிவது இந்தக் காலத்தில்தான்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க வேண்டாம். பத்தாவது, பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் மார்ச்சில் வந்துவிடும். தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த மாதத்தில் சாமானை உருட்டக் கூடாது. அவர்கள் மாசி பிறந்த கையோடு பிப்ரவரிக்குள் முடித்துவிடுவது நல்லது. அதுவும் முடியாவிட்டால் படிக்கும் அறையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்யலாம்.

போகியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு அதன் வேலையைக் கொடுங்கள், கழிப்பது மட்டும். உடைந்த நாற்காலி, இனி யாரும் போடாத துணி, ஓடாத மிக்ஸி, பழைய பேப்பர் எல்லாம் அன்றைக்குள் வீட்டை விட்டு வெளியேறட்டும். இரும்பும் பிளாஸ்டிக்கும் காயலான் கடைக்கு, நல்ல துணி தேவைப்படுபவர்களுக்கு, மீதியை மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடலாம். எரிக்க மட்டும் வேண்டாம். குளிர்ந்த விடியற்காலைக் காற்று புகையை மேலே போக விடாது, டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை தெருவிலேயே தங்கிவிடும். பக்கத்து வீட்டில் மூச்சிரைப்பு உள்ள ஒரு பெரியவர் இருந்தால் அவருக்கு அந்தப் போகி எப்படி விடியும் என்று யோசியுங்கள். சாமான் குறைந்த வீட்டை மாசியில் கழுவுவது பாதி வேலைதான்.

சரி, யார் செய்வது? நாமே செய்வது, கூலிக்கு ஆள் வைப்பது, துப்புரவு நிறுவனத்தைக் கூப்பிடுவது என்று மூன்று வழி இருக்கிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் செலவும் அதிகமாகிறது, மனக்கசப்பும் வருகிறது. வேலையைப் பார்த்துப் பிரிப்பதே நல்லது.

அலமாரி, பீரோ, பத்திரங்கள், புத்தகம், மருந்து டப்பா, பூஜை சாமான் எல்லாம் நாமே செய்ய வேண்டியவை. எது வேண்டும், எது வேண்டாம் என்று வேறு யாருக்கும் தெரியாது. மருந்து டப்பாவைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் போய்வந்து சேர்ந்த மாத்திரை அட்டைகள் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. காலாவதி தேதி பார்த்துக் கழிப்பதை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்து செய்ய வேண்டும். பட்டுப் புடவைகளும் அப்படித்தான். ஆரணிப் பட்டோ காஞ்சிப் பட்டோ, வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை இற்றுப்போகும், ஜரிகை முறியும். எடுத்து நிழலில் காற்றாட விட்டு, வேறு மடிப்பில் மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நேர் வெயில் கூடாது, சாயம் வெளுக்கும். அந்துருண்டை பட்டின் மேல் நேராகப் படக்கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாடை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்த வீடுகளுக்கு வேப்பிலைதான் சரி.

பரண், மின்விசிறி, ஒட்டடை, ஜன்னல் கம்பி, மொட்டை மாடி ஆகியவற்றுக்குக் கூலிக்கு ஆள் வைப்பது நல்லது. அறுபதைத் தாண்டியவர்கள் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறுவதை வீட்டில் உள்ளவர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒரு இடுப்பெலும்பு முறிவுக்கு ஆகும் செலவில் பல வருஷத்துக்கு ஆள் வைக்கலாம். பெயிண்டரிடம் வேலை செய்யும் பையன்கள் ஏணியோடு வருவார்கள், அவர்களுக்கு உயரம் பழக்கம். மின்விசிறி துடைக்கும்போது சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினையே அணைத்துவிடுங்கள்.

தினமும் வந்து பாத்திரம் கழுவும் அக்காவிடமே இதையும் செய்யச் சொல்வது பல வீடுகளில் வழக்கம். செய்யட்டும், ஆனால் அது மாதச் சம்பளத்தில் அடங்காத தனி வேலை. எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மதியச் சாப்பாடு, மூக்கை மூடத் துணி, கைக்கு ரப்பர் உறை எல்லாம் நாம் கொடுக்க வேண்டியவை. பழைய புடவை இரண்டு கொடுத்தேன் என்று கூலியைக் கழிப்பது நியாயமில்லை.

நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு வேலூரில் தெளிவான தேவை இருக்கிறது. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறை விடுபவர்கள், காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்களுக்கு வீடு விடுபவர்கள், புதிதாகக் கட்டிய வீட்டில் சிமெண்டுக் கறையோடு குடிபோகிறவர்கள், இவர்களுக்கு அதுதான் வசதி. காலி வீடு, ஒரே நாளில் முடிய வேண்டும், இயந்திரம் வந்தால் சுலபம். குடியிருக்கும் வீட்டுக்கு அவ்வளவு பொருந்தாது. சாமான்களைச் சுற்றித்தான் துடைப்பார்கள், அலமாரி உள்ளே கை வைக்க மாட்டார்கள். கூப்பிடுவதாக இருந்தால் பேசும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: தரைக்கு என்ன ஊற்றுவீர்கள்? உறவினர் ஒருவரின் வீட்டில் மொசைக் தரைக்கு ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார்கள். அன்று பளிச்சென்று இருந்தது. ஒரு வாரத்தில் தரை சொரசொரவென்று வெளுத்து, எத்தனை துடைத்தாலும் அழுக்கு பிடித்துக்கொள்ளும் தரையாகிவிட்டது.

அதற்கான காரணம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நம் ஊர்த் தண்ணீர் உப்பு. போர்வெல் நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அது காய்ந்த இடத்தில் எல்லாம், குழாயில், பாத்ரூம் சுவரில், வாளியின் விளிம்பில், வெள்ளைப் படலம் விடும். அந்தப் படலம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்பும் பினாயிலும் அதை ஒன்றும் செய்யாது, புளிப்பு மட்டுமே கரைக்கும். எலுமிச்சை, புளி, வினிகர், கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள், கடைசியாகப் பாத்ரூம் ஆசிட் எல்லாம் செய்யும் வேலை ஒன்றே, வேகம்தான் வேறு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மொசைக்கில் பதித்திருக்கும் சில்லுகள் மார்பிள், அதுவும் கால்சியம் கார்பனேட்தான். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அலமாரித் தட்டு, சமையல் மேடை, பரண் எல்லாம் கடப்பாக் கல்லில் இருக்கும். அது ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். கறையைக் கரைக்கும் ஆசிட் கல்லையும் சேர்த்துக் கரைக்கும். எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூடக் கடப்பாக் கல்லில் வெளிறிய தடம் விழும். காவிபோட்ட சிவப்புத் தரையிலும் சிமெண்டு இருப்பதால் அதற்கும் ஆசிட் ஆகாது. ஆகவே இந்த மூன்று தரைகளுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், தேங்காய் நார், நிறையப் பொறுமை. கழுவி உலர்ந்தபின் கடப்பாக் கல்லிலும் காவித் தரையிலும் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் கருமையும் சிவப்பும் திரும்ப வரும். நடக்கும் இடத்தில் எண்ணெய் வழுக்காமல் அழுத்தித் துடைத்துவிட வேண்டும்.

கிரானைட் ஓரளவு தாங்கும். டைல்ஸும் தாங்கும், ஆனால் டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்டுப் பூச்சு தாங்காது. அதில் அடிக்கடி ஆசிட் பட்டால் இடுக்கு குழிந்து தண்ணீர் கீழே இறங்கும். என் ஓட்டு சிட்ரிக் ஆசிட் தூளுக்கு. வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்தால் படலம் இளகிவிடும். பாத்ரூம் ஆசிட்டைவிட நேரம் பிடிக்கும், கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து மிகக் குறைவு. பெயர் ஒட்டாத பாட்டிலில் வரும் ஆசிட்டை வாங்கவே வேண்டாம். அதைக் குடிதண்ணீர் பாட்டில் மாதிரி மூலையில் வைத்து, குழந்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்ப்பது. இரண்டும் தனித்தனியே நன்றாகச் சுத்தம் செய்கின்றன, சேர்த்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்று நினைத்துக் கழிவறையில் இரண்டையும் கொட்டுகிறார்கள். சேர்ந்த உடனே குளோரின் வாயு கிளம்பும். சின்ன ஜன்னல் உள்ள பாத்ரூமில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிலில் வரும் டாய்லெட் கிளீனர்களிலும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது, ஆகவே அதோடும் பிளீச்சிங் பவுடர் கூடாது. ஒரு நாள் ஒன்று, நன்றாகக் கழுவி விட்டு இன்னொரு நாள் இன்னொன்று. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், மூடிய அறையில் அதை முகர்வது அவர்தான்.

சுவருக்கு வருவோம். அடிச்சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, பெருக்கி அள்ளிவிட வேண்டும். பழைய காரைச் சுவருக்குச் சுண்ணாம்பா, பெயிண்டா என்றால் நான் சுண்ணாம்பின் பக்கம். சுண்ணாம்பு பூசிய சுவர் உள் ஈரத்தை வெளியே விடும், காரத்தன்மையால் பூஞ்சையையும் எளிதில் அண்ட விடாது. அதே சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கொப்புளம் கொப்புளமாகப் பெயர்ந்து வரும். சுண்ணாம்பு கையில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும் என்பவை அதன் குறைகள். புதிய சிமெண்டுச் சுவர் உள்ளவர்கள் பெயிண்டு அடித்துக்கொள்ளலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும், தெறித்தால் கண் போய்விடும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பரணிலும் நிலைப்படியிலும் செல்லு (கரையான்) அரித்திருந்தால் சுத்தம் செய்வதோடு நிற்காமல் அதற்கென்று உள்ள ஆளைக் கூப்பிட வேண்டும். மண்கோட்டைத் தட்டிவிட்டால் அது வேறு வழியாக ஏறிவரும்.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. வீட்டையெல்லாம் மினுக்கிவிட்டு மாடித் தொட்டியை அப்படியே விடுவது பல வீடுகளில் நடக்கிறது. கழுவ நினைக்கும் நாளுக்கு முன்பே மோட்டார் போடுவதை நிறுத்தி, தண்ணீர் அடிமட்டம் வரை செலவாகட்டும், வீணாகக் கொட்ட வேண்டியதில்லை. மிச்சமுள்ள தண்ணீரிலேயே சுவரைத் தேய்த்து, வண்டலை அள்ளி, அந்தக் கலங்கல் தண்ணீரைச் செடிக்கு விடலாம். மறுபடி நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் போதும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நிலத்தடித் தொட்டிக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள். மூடியை வெகுநேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். செப்டிக் டேங்கில் எந்தச் சூழ்நிலையிலும் மனிதரை இறக்கக் கூடாது, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குக் குழாய் பொருத்திய லாரி மட்டும்தான். பிளீச்சிங் பவுடரை வாங்கும்போது புதுப் பொட்டலமாக வாங்குங்கள், பிரித்து வைத்த பழைய தூளில் குளோரின் பறந்து போயிருக்கும்.